குடிபுகுந்த ஊரும் குடிமைக் கடனும்

(பழைய மாணவரான தமிழாசிரியர் ஒருவர், நாவற்குடா)

பிறந்த ஊரிலே வளர்ந்து, அவ்வூரிலே தொழில் செய்து, அவ்வூர் மண்ணிலேயே அடங்குதல் நம் முன்னோர்க்கு இயல்பாய் இருந்தது. இற்றை நாளில் அது சிலர்க்கே வாய்க்கும் பேறாயிற்று. உத்தியோகம், திருமணம், பிள்ளைகளின் படிப்பு, போர், புயல், வெள்ளம் என்னும் இவற்றுள் ஏதேனும் ஒன்று மனிதனை வேரோடு பெயர்த்து வேறோர் இடத்திலே நட்டுவிடுகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவரையே எடுத்துக்கொள்வோம். ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நால்வருள் ஒருவர் கொழும்பிலும், ஒருவர் இலண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் வாவிக்கரையிலுமாக வாழ்கின்றனர். விழா மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று தருமாறு கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுத என்னினும் வல்லார் பலர் உளர் என்பதை நினைந்து, நம் எல்லோர்க்கும் பொதுவான வினா ஒன்றைத் தெரிந்துகொண்டேன்: புதிய ஊரிலே ஒரு குடும்பம் குடியமர்தல் எப்போது நிறைவுறுகின்றது?

வீடு கிடைத்த அன்று என்பர் சிலர். பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இடங்கிடைத்த அன்று என்பர் வேறு சிலர். வாக்காளர் இடாப்பிலே பெயர் ஏறிய அன்று என்பது அரசாங்கத்தின் கணக்கு. இவை மூன்றும் வேண்டியனவே. ஆயின் இவை மூன்றும் கைகூடிய பின்னும் பத்தாண்டு, இருபதாண்டு அயலவராகவே வாழ்ந்து மறைந்தோரை யாம் கண்டிருக்கின்றோம். புதிய ஊர் ஒருவனுக்குச் சொந்த ஊராவது, அவ்வூர் அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்து அவன் அதனை ஏற்ற நாளிலேதான் என்பது என் துணிபு. விருந்து வைத்தால் வந்தவன் விருந்தினன் ஆகின்றான். வேலை கொடுத்தால்தான் வீட்டுக்குரியவன் ஆகின்றான். இக்கருத்தை என் குடும்ப வாழ்வையும் ஆசிரியத் தொழிலையும் கொண்டு விளக்க முயல்வேன்.

யான் பிறந்தது படுவான்கரை. வாழ்வது எழுவான்கரையிலுள்ள நாவற்குடா. வெளியூர் அன்பர்களின் பொருட்டு இச்சொற்களை விளக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டி, ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்த நிலம், ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை எனப்படும். பட்டினத்திலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர் கல்லடியையும் நொச்சிமுனையையும் அடுத்து நாவற்குடாவையும், அதற்கப்பால் காத்தான்குடியையும் காண்பர். 1924ஆம் ஆண்டில் அமைந்த பழைய பாலமே நெடுங்காலம் பட்டினத்துக்கு வழியாயிருந்தது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் வாவியின் இரு கரைகளுக்கும் இடையே போக்குவரவு எளிதாயிருந்ததில்லை. மண்முனைத் துறையிலே, நாம் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையிலேதான் மனிதரும் சைக்கிளும் நெல்மூடையும் கடந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அங்கு அந்நிலை மாறிற்று. ஆகவே கரைமாறிக் குடியேறுதல் மைல் கணக்கிலே சிறிதாயினும் வாழ்க்கைக் கணக்கிலே பெரிது.

யான் நாவற்குடாவுக்கு வந்தது திருமணத்தால். தமிழ் இலக்கியங்களிலே பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குச் செல்பவள் பெண். மட்டக்களப்பு நாட்டிலோ பெரும்பாலும் நிலைமை வேறு. இங்கே தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் உண்டு. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாய்ச் சேர, மாப்பிள்ளையே மனைவியின் வீட்டுக்குக் குடிவருகின்றான். இவ்வழக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. முக்குவர் சட்டம் என வழங்கிய பழைய உரிமை முறையைப் பிரிற்றோ என்பார் 1876ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் தொகுத்து எழுதியுள்ளார். பிற இடங்களிலே பெண்கள் நெடுங்காலமாய்த் தாங்கிவரும் புதிய வீட்டின் கூச்சத்தையும் தனிமையையும் மட்டக்களப்பு ஆண்மகனும் அறிவான் என்பது இதனாற் பெறப்படும்.

மணம் முடித்த முதல் வாரங்களிலே என்னை ஒரு கதிரையில் இருத்தி வைத்தனர். தேநீர் வந்தது, பலகாரம் வந்தது. “பேப்பர் பாருங்க மகன்” என்று மாமி பத்திரிகையை நீட்டுவார். உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் இருக்க இருக்க அந்நியத்தன்மை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. ஒருநாட் காலையில் மாமா கத்தியும் கயிறுமாய் முற்றத்தில் நின்று, “மகன், மேற்குப் பக்கத்து வேலி விழுந்து போச்சு. வாங்க, ரெண்டு பேருமாக் கட்டுவம்” என்றார். அன்று பகல் முழுவதும் கிடுகு வேலி கட்டினோம். வேலிக்கு அப்பால் நின்று பார்த்த அயல்வீட்டு முதியவர், யான் ஆருடைய மகன், எந்தக் குடி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “நாளைக்கு எங்கட வேலிக்கும் ஒரு கை தாங்க தம்பி” என்றார். மறுநாள் அவர் வளவுக்கும் சென்றேன். அதுவரை ‘அந்த வீட்டு மாப்பிள்ளை’ என்று குறிக்கப்பட்ட யான், அந்த வாரந் தொடங்கி ஒழுங்கையிலே ‘வாத்தியார் தம்பி’ ஆனேன்.

இவ்வூரின் கிணறுகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். இம்மணற்பட்டியிலே சில அடி ஆழத்திலேயே நீர் கிடைக்கின்றது. அது பெருங்கொடை. ஆயின் மணல் நீரை வடிய விடுவதுபோல அழுக்கையும் வடிய விடும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருத்தல் வேண்டுமென்று சுகாதாரப் பரிசோதகர்கள் கூறுவர். வளவுகள் பெரியனவாய் இருந்த காலத்தில் அது எளிதாயிருந்தது. பிள்ளைகளுக்குப் பிரித்தும் வெளியூரவர்க்கு விற்றும் அவ்வளவுகள் இப்போது சிறு துண்டுகளாகிவிட்டன. 10 பேர்ச் நிலம் சதுரமாயின் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடியே. அதனுள்ளே வீட்டையும் கிணற்றையும் குழியையும் அடக்குபவன், தன் கிணற்றைக் காக்க எண்ணிக் குழியை மூலைக்குத் தள்ளுவானாயின், அது அயலவன் கிணற்றுக்கு அருகாகிவிடும். என் கிணற்று நீரின் தூய்மை என் கையில் மட்டும் இல்லை. பாதி அயலவன் கையில் உள்ளது.

எங்கள் ஒழுங்கையிலே புதிதாய்க் காணி வாங்கிய குடும்பம் ஒன்று வீடு கட்டத் தொடங்கிற்று. ‘வந்தவர்கள் என்ன செய்வார்களோ’ என்று வேலிக்குள் நின்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். மாமா அவ்வாறு செய்யவில்லை. அக்குடும்பத்தாரையும் இருபக்கத்து அயலவரையும் ஓரிடத்தே கூட்டினார். அவரவர் கிணறும் குழியும் இருந்த இடங்களைக் கயிறு பிடித்து அளந்து, புதிய குழி எங்கே அமைதல் வேண்டும் என்று ஒருமித்து முடிவு செய்தனர். வந்தவர்களும் தம் கருத்தைக் கூறினர், அது ஏற்கவும்பட்டது. குழியின் இடம் தெரிந்ததோடு, அக்குடும்பமும் ஒழுங்கையின் கருமங்களிலே பங்காளியாயிற்று. பின்னர் மழைவெள்ளம் தேங்கிய ஓராண்டிலே வடிகால் வெட்டும் வேலைக்கு முதலில் மண்வெட்டி எடுத்து வந்தவர் அவ்வீட்டுக்காரரே.

தமிழ் இலக்கியத்திலே புதிய நகருக்குப் பிழைக்கச் சென்ற குடும்பம் எது என்று மாணவரை வினாவுதல் என் வழக்கம். கோவலனும் கண்ணகியும் என்பதே விடை. பொருளிழந்த வணிகன் சிலம்பை முதலாகக் கொண்டு தொழில் தொடங்கக் கருதி மனைவியுடன் மதுரையை அடைந்தான். கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மடந்தை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். மாதரி செய்தவற்றை இளங்கோவடிகள் நுணுகிக் கூறுகின்றார். அவர்களுக்குத் தனியே ஒரு மனை தந்தாள். சமைத்த சோற்றைக் கொணர்ந்து படைக்கவில்லை. அவர்கள் கைக்கொண்ட சமண நோன்பு நெறிக்கு ஏற்பத் தாமே சமைத்துண்ணுமாறு புதிய கலங்களையும் காய்களையும் அரிசியையும் பால் தயிரையும் தந்து, தன் மகள் ஐயையைத் துணையாக விட்டாள். கண்ணகி தன் கையாலே சமைத்துக் கணவனுக்குப் படைத்தாள். அப்புதிய நகரிலே அவள் நடத்திய இல்லறம் அவ்வளவே எனினும், அந்த ஒரு பொழுதுக்கு அவள் விருந்தாளி அல்லள். ஓர் அடுக்களையின் தலைவி.

அதே நகரிலே பொற்கொல்லனும் காவலரும் அரசனும், வந்தவன் யார் என்று ஆராயாது அவனைக் கொலைக்களப்படுத்தினர். மாதரியோ அடைக்கலப்பொருளைக் காக்கத் தவறினேன் என்று நொந்து தீயிற் புகுந்தாள். ஒரே நகரம் புதியவரை எதிர்கொண்ட இரு வகைகள் இவை. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் வைகாசி மாதத்திலே கண்ணகியம்மன் சடங்கு நடத்திக் குளிர்த்தி பாடும் நாடு நம் நாடு. புதிய நகரிலே நீதி கிடையாத ஒரு பெண்ணைத் தெய்வமாய்க் கொண்டாடுகின்ற நாம், வந்தவர்க்கு மாதரியாய் இருத்தலும் அவ்வழிபாட்டின் பகுதியே அன்றோ?

2007ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலே போர் காரணமாகப் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராய் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தனர். எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் உற்றாரையும் வீடுகளையும் இழந்து இரண்டாண்டு சற்றே கடந்த நிலையில், எழுவான்கரை மக்கள் எமக்குச் சோற்றுப் பொதிகளைச் சுமந்து வந்து தந்தனர். அவ்வுதவியை நன்றியோடல்லாது நினைத்தல் இயலாது. ஆயினும் நாள்தோறும் பொதிக்கு வரிசையில் நின்ற உழவர்களின் முகத்தையும் யான் மறக்கவில்லை. அவை பிறர்க்கு நெல் அளந்து கொடுத்த கைகள். சில நாட்களின் பின் பெண்கள் கிடாரங்களைத் தேடிப்பெற்றுத் தாமே சமைக்கத் தொடங்கினர். ஆண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் முறை வகுத்தனர். யானும் வேறு மூன்று இளைஞரும் பிள்ளைகளை மரநிழலில் இருத்திப் பாடஞ் சொன்னோம். சோறு முன்னையதிலும் சுவையாய் இருந்தது என்று கூறுதற்கில்லை. ஆயினும் அந்நாள்முதல் பெரியவர்கள் நிமிர்ந்து பேசினர். பின்னர் யான் ஆசிரியர் கலாசாலையிலே பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழைப் பெற்றேன். ஆயினும் ஆசிரியத் தொழிலின் முதற்பாடம் அந்த மரநிழலிலேயே கிடைத்தது.

குடிவந்த குடும்பம் முதலில் தட்டும் கதவு பாடசாலையின் கதவே. முதலாம் தரத்திலே பிள்ளையைச் சேர்க்க வதிவிடச் சான்றுகள் வேண்டும். வாக்காளர் இடாப்பிலே பெயர் உள்ள ஆண்டுகள் கூடப் புள்ளியும் கூடும். இடம் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருக்கையில் இத்தகைய கணக்கு தவிர்க்கலாகாதது. ஆயின் சேர்த்த பின்னர் நாம் செய்வது என்ன? யான் கற்பிக்கும் வகுப்பிலே சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் சேர்ந்தான். அவன் ஏதோ ஒரு விடைக்கிடையே ‘களவெட்டி’ என்று கூறியதும், அச்சொல்லை அறியாத பிள்ளைகள் சிரித்தனர். அதன்பின் அவன் வாய் திறப்பதில்லை. தேற்றுமொழிகள் பயன்படவில்லை. ஆகவே அவனிடம் ஒரு பணியை ஒப்படைத்தேன். நெல் வேளாண்மை பற்றிய சொற்களைத் திரட்டி வகுப்புக்கு விளக்குதல் வேண்டும் என்றேன்.

தவணை விடுமுறையிலே ஊருக்குச் சென்று, பெத்தாவையும் அயலிலுள்ள முதியோரையும் கேட்டு ஒரு கொப்பி நிறைய எழுதி வந்தான். சூடு மிதிக்கும் இடம் களவெட்டி. மிதித்துக் கிடைத்த நெற்குவியல் பொலி. ஏறி நின்று தூற்றும் முக்காலி அவுரி. வயற்காவலுக்கு அமைக்கும் குடில் வாடி. நீர்ப்பங்கீட்டை மேற்பார்க்கும் தலைவர் வட்டவிதானை. களவெட்டியிலே சில பொருள்களை அவற்றின் வழக்கமான பெயரால் அழைத்தலாகாது என்று தன் பெத்தா கூறியதையும் அவன் எடுத்துரைத்தான். சோற்றை மட்டுமே அறிந்த பட்டினப் பிள்ளைகள் வினாமேல் வினா தொடுத்தனர். அவன் கரும்பலகையிலே வரைந்து காட்டி விடை கூறினான். அவ்வாண்டு முழுவதும் வகுப்பிலே வேளாண்மை பற்றி எச்சொல் வந்தாலும் எல்லோரும் அவன் பக்கமே திரும்புவர். தமிழாசிரியனாகிய யானும் அவனிடமிருந்து கற்றவை உள.

ஆசிரியர்க்கும் இது பொருந்தும். இம்மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் மட்டக்களப்பு மேற்கு வலயம் படுவான்கரையைச் சேர்ந்தது. அங்குக் கற்பிப்போருள் எழுவான்கரையிலிருந்து நாள்தோறும் போய்வருவோர் பலர். யானும் திருமணத்தின் பின் சில ஆண்டுகள் அவ்வாறு போய்வந்தேன். வீடிருந்த கரையிலே புதியவனாகவும் வேலைசெய்த கரையிலே பழையவனாகவும் இருந்தமையால் இரு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். போய்வரும் ஆசிரியரை, மணி பார்ப்பவர் என்றும் பேருந்துக்கு ஓடுபவர் என்றும் இகழ்தல் எளிது. வழித்தூரத்தையும், வீட்டிலே காத்திருக்கும் கைக்குழந்தையையும் எண்ணாத இகழ்ச்சி அது. யான் பணியாற்றிய பாடசாலை ஒன்றின் அதிபர் அவ்வாறு இகழ்ந்ததில்லை. புதிதாய் வந்த ஒவ்வோர் ஆசிரியரையும் ஊர்க் கருமம் ஒன்றிற்கு உரியவராக்கினார். ஒருவரிடம் பிள்ளைகளின் வடமோடிக் கூத்துப் பயிற்சி, மற்றொருவரிடம் வாசிகசாலை, வேறொருவரிடம் வரவு குன்றிய மாணவரின் வீடுகளுக்குச் செல்லும் பொறுப்பு. வீடுகளுக்குச் சென்ற அந்த ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தபோது ஊர்ப்பெண்கள் திரண்டு வந்து வழியனுப்பினர்.

இக்கருத்தை மறுப்போர் இரு பக்கத்தும் உளர். “வாடகையும் கடனும் பிள்ளைகளின் படிப்புமே எமக்குப் போதிய பாரம்; ஊர்ப்பொறுப்பை வேறு சுமப்பதோ?” என்பர் வந்தவர். பாரம் உண்மையே. ஆயின் இரவிலே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் தட்டவேண்டியது அயலவன் கதவையே. அக்கதவு நம் குரலை அறிந்திருத்தல் வேண்டும். “வந்தவர்க்கு இடங்கொடுத்தால் கோயிலையும் சங்கத்தையும் அவர்களே ஆளத் தொடங்குவர்” என்பர் ஊரவர். இவ்வச்சத்தையும் எள்ளி நகையாடுதல் கூடாது. தலைமுறை தலைமுறையாய் ஒரு கோயிலைக் காத்தவர்க்கு அதன் மேல் உரிமையுணர்ச்சி இருத்தல் இயல்பு. ஆயின் தலைமைப் பதவியும் தொண்டும் ஒன்றல்ல. தொண்டிலே புதியவரைச் சேர்க்காத சங்கம், தொண்டர் இன்றித் தலைவர் மட்டும் எஞ்சிய சங்கமாய் முடியும். கணியன் பூங்குன்றனாரின் பாட்டை மேடைதோறும் முழங்கிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் ‘நீ எவ்வூர்’ என்று முகஞ்சுளித்துக் கேட்பது நமக்கு அழகன்று.

புதிய ஊரின் பொறுப்பை ஏற்பதால் பழைய ஊரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. என் தாயாரை எம்முடன் வந்திருக்குமாறு பன்முறை அழைத்தோம். “அங்க வந்து எனக்கு என்ன வேல மனே?” என்பதே அவர் விடை. நல்ல உணவும் மருத்துவ வசதியும் உண்டென்று யான் கூறியவை அவ்வினாவுக்கு விடையாகவில்லை. என் மனைவி கிணற்றடியை அடுத்த ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி, “மாமி, இந்தக் கீரைப் பாத்தியும் முருங்கையும் உங்கட பொறுப்பு. எங்களுக்குக் கைவராது” என்று கூறிய பின்னரே அவர் வந்து தங்கத் தொடங்கினார். வேளாண்மை வெட்டுக்காலம் வந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவார். அங்கும் அவருக்கு வேலை உண்டு. அவரைக் கூட்டிச்செல்லும் போதெல்லாம் யானும் என் பிள்ளைகளும் படுவான்கரைக்குப் போகின்றோம். இரு கரைக்கும் பாலம் அமைந்தது 2014இல். எம் வீட்டுக்குப் பாலமாய் இருப்பவர் அம்மா.

ஊர்விட்டு ஊர் சென்றும் தன் ஊரை மறவாமைக்கு நம் கண்முன்னே உள்ள சான்று சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிலே பிறந்த அவர் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றவர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர். சென்னையிலே துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். இமயமலைச் சாரலிலே மாயாவதியில் இருந்து இதழாசிரியப் பணியும் ஆற்றினார். சென்ற இடமெல்லாம் அவ்விடத்துப் பணியைத் தன் பணியாக ஏற்றார். அவ்வாறு ஏற்றவரே நாவற்குடாவுக்கு அண்மையிலுள்ள கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவினார். யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த அவரது சமாதி அவ்வித்தியாலய வளவிலேயே உள்ளது. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றேன். முதலாவது: கல்லூரியிலே வெளியூர்ப் பிள்ளை ஒருவன் சேரும்போது, அவன் குடும்பத்துக்கு அயலிலுள்ள பழைய மாணவர் குடும்பம் ஒன்றைத் துணையாகக் குறித்து, முதல் தவணையிலேயே அப்பெற்றோரிடம் சிறு பொறுப்பு ஒன்றை ஒப்படைத்தல் வேண்டும். இரண்டாவது: கிராமங்களிலிருந்து வந்து இங்குப் படித்து உயர்ந்தோர், தவணைக்கு ஒருநாளேனும் தாம் முதலெழுத்துக் கற்ற பாடசாலைக்குச் சென்று ஒரு பாடம் நடத்துதல் வேண்டும். மூன்றாவது: கடல்கடந்து வாழும் அன்பர்களிடம் பணத்தை மட்டும் கேட்டல் போதாது. மாணவர் கட்டுரையைத் திருத்துதல், ஆங்கிலம் பேசப் பழக்குதல், தொழில் பற்றிய ஐயங்களைத் தீர்த்தல் என ஒவ்வொருவர்க்கும் பெயர் குறித்து ஒரு பணியைத் தருதல் வேண்டும். பணம் அனுப்பியவர் ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரியை நினைப்பார். ஒரு மாணவனின் பொறுப்பை ஏற்றவர் கிழமைதோறும் நினைப்பார்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வந்தவரை நோக்கி, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதோடு அமையாது, ‘இதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?’ என்றும் கேட்கும் மனம் வேண்டும். அம்மனத்தை வளர்ப்பது கல்லூரிக்கு உரிய பணியே. விழாக் காணும் நம் கல்லூரி இன்னும் பல தலைமுறைக்குப் பலவூர்ப் பிள்ளைகளின் சொந்த ஊராய் விளங்குக!